சுகோத்தாயைத் திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்: சிவிலைசேஷன் 5-இல் நகர விடுவிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

பிடித்த நகரத்தைப் பழைய சொந்தக்காரரிடமே ஒப்படைப்பதைப் பலரும் தர்மக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சிவிலைசேஷன் 5 என்ற கணினி வியூக ஆட்டத்தில், குறிப்பாக 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்தில், அது முதலீடு. சரியான நகரத்தைச் சரியான நேரத்தில் விடுவித்தால் ஒரு வாக்கு, ஒரு கூட்டாளி, கூடவே கழுவப்பட்ட பெயர். தவறான நகரத்தை விடுவித்தால், நம் ரத்தத்தில் பிடித்த ஊரை எதிரி ஐந்தாறு டர்னில் மறுபடி எடுத்துக்கொள்வான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முற்றுகை தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதைக் காட்டத்தான் இந்த மாதிரி ஆட்டம்.

களம்

ஸ்டாண்டர்ட் வரைபடம், ஸ்டாண்டர்ட் வேகம், 8 நாகரிகங்கள், 16 நகர அரசுகள் (ஒரே ஊர் கொண்ட, வெற்றிக்குப் போட்டியிடாத குட்டி நாடுகள்). நமக்குக் கிழக்கே சயாம், அதற்கும் அப்பால் ஷாக்காவின் சூலூ. சூலூ சயாமை முழுதாக விழுங்கிவிட்டது. தலைநகர் சுகோத்தாயும் இரண்டாவது நகரமும் சூலூ கையில். மூன்றாவது சிறிய ஊர் எரிந்தே போயிற்று. போகிற போக்கில் கடலோர நகர அரசு சிடோனையும் ஷாக்கா பிடித்துக்கொண்டான். நம்மிடம் பீரங்கியைத் திறக்கும் டைனமைட் தொழில்நுட்பம் வந்துவிட்டது: 4 பீரங்கி, 3 ரைஃபிள்மேன், 1 குதிரைப்படை. நோக்கம் அரசதந்திர வெற்றி, அதாவது ஐ.நா.வில் நடக்கும் உலகத் தலைவர் வாக்கெடுப்பில் வெல்வது. நிலம் வேண்டியதில்லை.

பிடிக்கத்தக்க நகரங்கள் மூன்று: சுகோத்தாய், சயாமின் இரண்டாவது நகரம், சிடோன். மூன்றுக்கும் விடுவிப்புப் பொத்தான் வரும். ஆனால் மூன்றின் மதிப்பும் ஒன்றல்ல.

பொத்தான் எப்போது வரும்

ஆட்டம் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றை: அந்த நகரத்தை முதலில் நிறுவியது யார். நாம் யாரிடமிருந்து பிடித்தோமோ அவர் நிறுவியதாகவும் இருக்கக்கூடாது, நாம் நிறுவியதாகவும் இருக்கக்கூடாது. இடையில் எத்தனை கை மாறியது என்பது கணக்கில் இல்லை. சயாம் நிறுவி, பிரேசில் பிடித்து, பிரேசிலிடமிருந்து சூலூ பிடித்த ஊரை நாம் விடுவித்தால் அது சயாமுக்குத்தான் போகும். பிரேசிலுக்கு நன்றி சொல்ல ஒன்றுமிருக்காது. பிரேசிலை மகிழ்விப்பதாக நினைத்துப் படையெடுத்தவர்கள் இங்கேதான் ஏமாறுவது.

நிறுவியவர் யார் என்று அறிய எளிய வழி நகரத்தின் பெயர். பிடிபட்ட நகரம் பழைய பெயரிலேயே தொடரும். சயாமின் மண்ணாக இருந்த இடத்தில் சூலூ பெயரில் ஓர் ஊர் நின்றால், பழைய ஊர் எரிந்து, அதன் மேல் புதிதாகக் குடியேறியிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பிடித்தால் விடுவிப்பு கிடையாது. பப்பெட்டாக (நம் பெயரில், ஆனால் தானே தன்னை நடத்திக்கொள்ளும் ஊராக) வைக்கலாம், இணைக்கலாம், எரிக்கலாம், அவ்வளவுதான்.

எரிப்பு பற்றி இன்னொன்று. எரிகிற ஊர் ஒரு டர்னுக்கு ஒரு மக்கள்தொகை வீதம் இழக்கும். மூன்று மக்கள்தொகை உள்ள ஊருக்கு நம் படை போய்ச் சேரும்போது சாம்பல்தான் மிஞ்சும். ஆனால் மூலத் தலைநகரங்களையும் நகர அரசுகளையும் இந்த ஆட்டத்தில் யாராலும் எரிக்க முடியாது. எத்தனை நூற்றாண்டு கழித்துப் போனாலும் அவை அங்கேயே இருக்கும். அதனால் விடுவிப்பைத் திட்டமாக வைத்திருப்பவர் கண் வைக்கவேண்டியது இந்த இரண்டு வகை மீதுதான். சின்ன ஊர்கள் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நட்டமில்லை.

பொத்தான் வருவது ஒரே ஒரு முறை, நகரத்துக்குள் நுழைந்த அந்தக் கணத்தில். "இப்போதைக்குப் பப்பெட்டாக இருக்கட்டும், பிறகு விடுவிக்கலாம்" என்று நினைத்தால் அந்தப் பிறகு வராது. பின்னாளில் பேச்சுவார்த்தை மேசையில் அந்த ஊரை அவருக்கே விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். ஆனால் அதை ஆட்டம் வியாபாரமாகத்தான் எடுத்துக்கொள்ளும், விடுவிப்பாக அல்ல.

மூன்று நகரங்களின் விலை

முதலில் சுகோத்தாய். சயாம் ஆட்டத்திலிருந்தே நீங்கிவிட்டதால், இதை விடுவிப்பது ஒரு நாகரிகத்தை உயிர்ப்பிப்பதாகும். அழிந்த தங்களை மீட்டவர் என்ற குறிப்பு உறவுப் பட்டியலில் ஏறும். அதைவிடப் பெரியது, உயிர் பெற்ற நாகரிகம் உலகத் தலைவர் வாக்கெடுப்பில் தன்னை மீட்டவருக்கே வாக்களிக்கும். தங்கம் கொடுத்து வாங்கும் வாக்கு அடுத்த ஏலத்தில் கைமாறலாம், இது மாறாது.

சயாம் உயிரோடு இருக்கும்போதே ஒரு நகரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நல்லெண்ணம் மட்டும்தான் கிடைத்திருக்கும். நல்லெண்ணமும் மதிப்புள்ளதுதான், ஆனால் வேறு கணக்குகளோடு கரையும். எல்லைத் தகராறு, சித்தாந்த வேறுபாடு, உலக அதிசயப் போட்டி எல்லாம் சேர்ந்து நாளடைவில் அதைத் தின்றுவிடும். ஆகவே கசப்பான கணக்கு இது: அண்டை நாடு சாகும் தறுவாயில் இருந்தால் காப்பாற்றுவதைவிடச் சாகவிட்டு எழுப்புவது லாபம். சொல்லக் கூசும், விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே நிபந்தனை, பிடித்தவன் அதற்குள் நம்மை மிஞ்சிவிடக் கூடாது. சயாமின் நகரங்களை வைத்துக்கொண்டு ஷாக்கா உற்பத்தியில் நம்மைத் தாண்டும் நிலை தெரிந்தால் காத்திருக்காமல் இறங்கவேண்டும்.

அடுத்து சிடோன். நகர அரசை விடுவித்தால் நம் செல்வாக்கு கூட்டாளி வரம்பான 60-க்குக் குறையாமல், மற்ற யாருடைய செல்வாக்கையும் விட உயரமாக வைக்கப்படும். கையில் தங்கம் இல்லாவிட்டாலும் உடனடிக் கூட்டாளி, கூட்டாளியின் வாக்கும் நமக்கே. ஆனால் இந்தச் செல்வாக்கு தேயும். சாதாரணமாக டர்னுக்கு 1 வீதம் கரைந்துகொண்டே போகும். கிரீஸ் ஆடுபவர்களுக்குப் பாதி வேகம்தான், அவர்கள் கவலைப்பட வேண்டாம். மற்றவர்களுக்குப் பேட்ரனேஜ் கொள்கையில் நுழைந்தால் தேய்வு கால் பங்கு குறையும். அதிலுள்ள கான்சுலேட்ஸ், செல்வாக்கு இறங்கி நிற்கும் புள்ளியை 20 உயர்த்தும்.

இதிலிருந்து வரிசை தானாக வருகிறது. தேயாதது சயாமின் வாக்கு, அதை முன்னதாக வாங்கலாம். தேய்வது சிடோனின் செல்வாக்கு, அதை வாக்கெடுப்புக்கு நெருக்கமாக வாங்குவதே சரி. யாராவது ஒருவர் தகவல் யுகத்தில் நுழைந்தாலோ, பாதிப் பேர் அணு யுகத்தை எட்டினாலோ ஐ.நா. உருவாகும். சுகோத்தாய்க்கும் அதற்கும் இடையில் நிறைய டர்ன் இருந்தால் சிடோனை ஷாக்காவிடமே விட்டுவைப்பதில் தவறில்லை. அது எரியப்போவதும் இல்லை.

மூன்றாவது, சயாமின் இரண்டாவது நகரம். சயாம் எழுந்த பிறகு இதன் வேலை கேடயம் மட்டுமே. சுகோத்தாய்க்கும் சூலூவுக்கும் நடுவில் இருந்தால் சயாமிடம் கொடுக்கலாம், அடுத்த அடி அங்கே விழும். உள்ளே அலுமினியமோ எண்ணெயோ உலக அதிசயமோ இருந்தால் வைத்துக்கொள்வதே மேல். ஆனால் வைத்துக்கொண்டால் மகிழ்ச்சிக் கணக்கு அடிவாங்கும், போர்வெறியர் புள்ளி (நகரம் பிடிப்பவர் மேல் மற்றவர்கள் வைக்கும் கெட்ட பெயர்) ஏறும், சயாமோடு எல்லைத் தகராறும் ஆரம்பமாகும்.

போர் அறிவிப்புக்கு முன்

சூலூவுடன் நட்புப் பிரகடனம் இருந்தால் அது காலாவதியாகும் வரை தொடக்கூடாது. ஸ்டாண்டர்ட் வேகத்தில் 50 டர்ன். நண்பனைக் குத்தினால் அந்தக் கறை எல்லோருடைய பட்டியலிலும் ஏறும், ஒரு நகரத்தை விடுவித்து அதைக் கழுவ முடியாது. சூலூவுக்குப் போகும் வணிகப் பாதைகளை முன்னரே வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். அறிவிப்பு வந்த கணமே அவை போய்விடும்.

மற்ற நாகரிகங்களில் யார் சூலூவை வெறுக்கிறார்கள் என்று பார்த்து, ஒருவரையாவது பணம் கொடுத்துப் போரில் இழுத்துவிடுவது உத்தமம். ஷாக்காவின் படை பிரியும் என்பது ஒரு காரணம். நம்மோடு சேர்ந்து அடிப்பவர் நம்மைப் போர்வெறியர் என்று திட்டுவதற்குமுன் சற்றே யோசிப்பார் என்பது இன்னொன்று. ஆனால் இழுத்துவிடுபவர் தொலைவில் இருக்கவேண்டும். சுகோத்தாய்க்குப் பக்கத்திலேயே இருந்தால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது.

முற்றுகை

பீரங்கியின் வீச்சு 3 கட்டம், நகரத்தின் வீச்சு 2. இந்த ஒரு கட்ட வித்தியாசத்தில்தான் மொத்தத் தாக்குதலும் நிற்கிறது. பீரங்கிக்கு இரண்டு நகர்வு. நிலைநிறுத்த ஒன்று போகும். ஒரு கட்டம் நகர்ந்து நிலைநிறுத்தினால் அந்த டர்னில் சுட மிச்சமிருக்காது. எனவே முதல் டர்ன்: போர் அறிவிப்பு, ரைஃபிள்மேன்கள் முன்னே, பீரங்கிகள் எல்லையைத் தாண்டி சமவெளிக் கட்டத்தில் நிலைநிறுத்தம். காட்டிலோ குன்றிலோ ஏற்றினால் நகர்வு அங்கேயே தீர்ந்து ஒரு டர்ன் வீணாகும்.

இரண்டாம் டர்னிலிருந்து சுடலாம். ஆனால் முதல் இலக்கு நகரம் அல்ல, அதைச் சுற்றியுள்ள சூலூ படை. இதைத் தவிர்த்து நேரே மதிலை உடைத்தவர்கள் நகரத்தைப் பிடித்துவிடுவார்கள், விடுவித்தும் விடுவார்கள். அடுத்த டர்னில் ஷாக்கா அதைத் திரும்ப எடுப்பான். பிடிபட்ட நகரத்தின் மக்கள்தொகை பாதியாகிறது, காவல் இல்லை, உயிர்ப்புள்ளி அடிமட்டத்தில். உயிர் பெற்ற சயாமுக்குப் படையும் கிடையாது. களப்படையை அழித்த பிறகே நகரத்தின் பக்கம் திரும்பவேண்டும்.

நகரத்தின் உயிர்ப்புள்ளி 200. தூரத்திலிருந்து எவ்வளவு சுட்டாலும் நகரம் விழாது. கடைசி அடி ரைஃபிள்மேன் போல நேரில் மோதும் கைகலப்புப் படையால்தான். குதிரைப்படைக்கு நகரத்தைத் தாக்குவதில் தண்டனை உண்டு, ஆனால் உயிர்ப்புள்ளிப் பட்டி அடியோடு இறங்கிவிட்ட நகரத்துக்குள் நுழைய அதுவே போதும், தூரத்திலிருந்து வரவும் முடியும். ரைஃபிள்மேனுக்கு அடி பட்டிருந்தால் இதை வைத்திருப்பது பயன்படும்.

இங்கேதான் கூட்டாளிச் சிக்கல். நாம் பணம் கொடுத்து இழுத்த பிரேசில் படை சுகோத்தாய் ஓரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். நம் நான்கு பீரங்கிகளும் சுட்டு நகரத்தின் பட்டி காலியாகிறது. நம் ரைஃபிள்மேன் இன்னும் இரண்டு கட்டம் தள்ளி. டர்னை முடித்தால் பிரேசில் நுழையும். நகரம் பிரேசிலின் பப்பெட் ஆகும், ஷாக்காவின் இடத்தில் இப்போது பிரேசில் பேரரசர் பெட்ரோ. அவரோடு போர் தொடுத்தால்தான் சயாமை எழுப்பமுடியும். ஆகவே விதி: நகரத்தை ஒட்டி, நகர்வு மிச்சமுள்ள நம் கைகலப்புப் படை நின்றாலொழிய கடைசி இரண்டு பீரங்கிகள் சுடக்கூடாது. பட்டியில் ஒரு துண்டு மிச்சம் வைத்துக் காத்திருப்பதில் ஒன்றும் குறையாது, நகரம் ஒரு டர்னில் கொஞ்சம் ஆறும், அவ்வளவே.

நுழைந்ததும் கொள்ளைத் தங்கம் நமக்கு வந்துவிடும். விடுவித்தாலும் அதைத் திருப்பித் தரவேண்டாம். பிறகு பாப்-அப். ஒவ்வொரு பொத்தான் மீதும் கர்சரை வைத்தால் அந்தத் தேர்வு நம் பெயருக்கு என்ன செய்யும் என்று ஆட்டமே சொல்லும். பப்பெட், இணைப்பு இரண்டும் போர்வெறியர் பெயரை எவ்வளவு ஏற்றும், விடுவிப்பு எவ்வளவு இறக்கும் என்பது அங்கே தெரியும். 2013 இலையுதிர் பேட்ச்சுக்குப் பிறகு இந்த அளவு, நகரத்தை இழக்கிறவரிடம் எத்தனை நகரங்கள் உள்ளன என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. பத்து நகரம் உள்ளவரிடம் ஒன்றைப் பிடிப்பது சிறு குற்றம், இரண்டே உள்ளவரிடம் பிடிப்பது பெரிய குற்றம்.

விடுவித்த அடுத்த நொடி

பொத்தானை அழுத்தியதும் நகரத்துக்குள் இருந்த நம் படை வெளியே தள்ளப்படும். அது மட்டுமல்ல. இதுவரை சூலூ மண், போரில் இருப்பதால் தாராளமாக நடந்தோம். இப்போது சயாம் மண். எல்லைத் திறப்பு ஒப்பந்தம் இல்லையென்றால் அந்த மண்ணில் நிற்கும் பீரங்கிகளும் வெளியே தூக்கிப் போடப்படலாம். போட்டால் நிலைநிறுத்தம் கலையும், சில நேரம் ரைஃபிள்மேன் ஒரு பக்கம் பீரங்கி ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். அதனால் விடுவிக்கும் டர்னில் சுகோத்தாய்க்கு அருகில் எதிரிக் குதிரைகள் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுவித்த உடனேயே பேச்சுவார்த்தைத் திரையைத் திறந்து சயாமிடம் எல்லைத் திறப்பைக் கேட்பது அடுத்த காரியம்.

சிடோன் விஷயத்தில் வேறு சங்கடம். கூட்டாளி நகர அரசு நம் போரில் தானாகச் சேரும். சிடோன் விடுபட்ட அதே நொடியில் சூலூவுடன் போரில் இருக்கிறது, பாதி மக்கள்தொகையோடு, படையில்லாமல். இரண்டு வழி உண்டு. ஒன்று, உடனே ஷாக்காவுடன் சமாதானம். நமக்கு வரும் 10 டர்ன் சமாதான ஒப்பந்தம் கூட்டாளிக்கும் நிழலாகும். இன்னொன்று, பழைய படைகளைச் சிடோனுக்குத் தானமாகக் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் 5 செல்வாக்கு கூடும், காவலும் ஆகும். காலாவதியான குதிரையைப் பராமரிப்புச் செலவு கொடுத்து வைத்திருப்பதைவிட இது நல்ல முடிவு.

சின்ன விடுவிப்பும் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. காட்டுமிராண்டிகள் பிடித்துப்போன நகர அரசின் தொழிலாளியை மீட்டால், வைத்துக்கொள்ளவா திருப்பித் தரவா என்று ஆட்டம் கேட்கும். திருப்பித் தந்தால் 45 செல்வாக்கு. நட்பு வரம்பு 30 என்பதால், பூஜ்யத்தில் இருந்தவர் கூட ஒரே அடியில் நண்பர். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தொழிலாளி எவ்வளவு தேவையோ, அதைப் பொறுத்து முடிவெடுக்கலாம்.

எங்கே நிறுத்துவது

சுகோத்தாய், இரண்டாவது நகரம், பிறகு சிடோன். மூன்றும் முடிந்ததும் சூலூவின் தலைநகர் உலுண்டியை நோக்கி நடக்கத் தோன்றும். அரசதந்திர வெற்றிக்கு ஆடுபவர் நடக்கக்கூடாது. உலுண்டி சூலூ நிறுவியது. அதில் விடுவிப்பு இல்லை, வெறும் போர்வெறியர் புள்ளி மட்டும். மேலும் ஷாக்கா உயிரோடு இருந்தால் மற்றவர்களின் வெறுப்பு அவன் மேல் இருக்கும், அவன் இன்னொரு நகர அரசைப் பிடிப்பான், இன்னொரு விடுவிப்பு நமக்குக் கிடைக்கும். அவன் நமக்கு வாக்கு விளைவிக்கும் வயல், வேரோடு பிடுங்குவது மடமை.

மாறாக ஆதிக்க வெற்றிக்கு ஆடுபவர்கள் சுகோத்தாயை விடுவிக்கவே கூடாது. அந்த வெற்றிக்கு மற்ற எல்லோருடைய மூலத் தலைநகரங்களும் தேவை. எழுந்த சயாமை மறுபடி அடிக்கவேண்டி வரும், அதுவும் நாமே காப்பாற்றியவரை அடித்தோம் என்ற பெயரோடு.

மனிதர்களோடு ஆடும்போது சயாமின் இடத்தில் இன்னொரு ஆள் இருந்தால் இந்தக் கணக்கு பாதிதான் பலிக்கும். செல்வாக்கும் போர்வெறியர் புள்ளியும் கணினியே ஆடும் ஏஐ-க்குத்தான். மனிதர் நன்றி காட்டலாம், காட்டாமலும் போகலாம்.

சிவிலைசேஷன் 6-இல் என்ன மாறும்

விடுவிப்பு என்ற சொல் அங்கேயும் உண்டு, ஆனால் பலன் வேறு வழியில் வரும். டிப்ளமாட்டிக் சர்வீஸ் என்ற குடிமை (ஆட்டத்தில் படிப்படியாகத் திறக்கும் சமூக முன்னேற்றம்) கிடைத்ததும், நண்பர் அல்லது கூட்டாளியின் நகரத்தைப் பிடித்தவர் மேல் விடுதலைப் போர் அறிவிக்கலாம். சாதாரணப் போரைவிடப் பெயர்க்கேடு குறைவு. ஆகவே அங்கே நட்பு முதலில், போர் பிறகு. அந்த நாட்டோடு நட்புப் பிரகடனமோ கூட்டணியோ இருந்தால்தான் இந்தப் போர்க் காரணம் திறக்கும்.

2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் அவசரநிலைகளைக் கொண்டுவந்தது. ஒருவர் நகர அரசைப் பிடித்தால் மற்றவர்கள் சேர்ந்து அதை விடுவிக்கக் கூட்டணி அமைக்கலாம், கெடுவுக்குள் முடித்தால் பரிசு. எல்லைக்குப் பக்கத்தில் உள்ள நகர அரசுக்குச் சேருங்கள், கண்டம் தாண்டி இருந்தால் தவிருங்கள். முடிக்காவிட்டால் பரிசு பிடித்தவருக்குப் போகும்.

பெரிய வித்தியாசம் விசுவாசம். ஒவ்வொரு நகரமும் 9 கட்டத்துக்குள் உள்ள ஊர்களின் மக்கள்தொகையால் அழுத்தம் பெறுகிறது, தூரம் கூடக் கூட அழுத்தம் குறையும். சுற்றிலும் எதிரி நகரங்கள் உள்ள ஒற்றை ஊரை விடுவித்தால், அது நாளடைவில் தானே கலகம் செய்து சுதந்திர நகரமாகி, பிறகு பக்கத்து எதிரியிடமே போய்ச் சேரலாம். பீரங்கியால் வென்றதை மக்கள்தொகை திருப்பி எடுத்துக்கொள்ளும். எனவே சிவிலைசேஷன் 6-இல் ஒற்றைத் தலைநகரை அல்ல, ஒன்றுக்கொன்று அருகிலுள்ள இரண்டு மூன்று ஊர்களை ஒரே படையெடுப்பில் விடுவிக்கவேண்டும். அவற்றுக்கு நடுவே எதிரியின் பெரிய நகரம் ஒன்று இருந்தால் அதை நாமே பிடித்து, ஆளுநரை வைத்து, அங்கிருந்து வரும் அழுத்தத்தை அணைக்கவேண்டும். ஆளுநர் தரும் விசுவாசம் டர்னுக்கு 8, ஆனால் அவர் அமர்ந்து வேலை தொடங்க 5 டர்ன் ஆகும். விக்டர் என்ற ஆளுநருக்கு மட்டும் 3. படை கிளம்பும்போதே அவரும் கிளம்பவேண்டும்.